மந்திரித்த விதை

சங்கரன்கோவில் தாண்டி, சாலையோர மாதா கோவில் ஒன்றில் நுழைகிறேன். விதைப்புக்கு முன் விதையை மந்திரித்துத் தரும் பூசை நடக்கிறது. "மண் நம் தாய், அவளை நோகடிக்காதீர்கள்" என்று சாமியார் உருகுகிறார். பீடத்துக்கு முன்னால் ஓலைப்பெட்டிகளில் மக்காச்சோள விதை. பூச்சிமருந்து தடவிச் சிவப்பேற்றிய கம்பெனி விதை. தீர்த்தம் தெளித்த சாமியார், பக்தி மேலிட்டு அதில் ஒரு கை அள்ளுகிறார்.

"சாமி, தொட்டுறாதிய! விஷம்லா அது. சோப்பு போட்டுக் கழுவுங்க!" பெட்டிகளைக் கொண்டுவந்த விதைக்காரர் பதறி ஓடிவருகிறார்.

சாமியார் கை கழுவி வரும்வரை பூசை நிற்கிறது. என் பக்கத்தில் வந்து நிற்கும் விதைக்காரரிடம் மெதுவாகக் கேட்கிறேன்: "அண்ணாச்சி, அப்போ இந்த விஷம் மண்ணை ஒன்னும் செய்யாதா?"

"அதான் தாயின்னு சாமியாரே சொல்லிட்டாருல்லா. தாய் தாங்கிக்கிடுவா."