எட்டு நாள் வாரம்

பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தைக்கூட விடமாட்டார் கணக்கு வாத்தியார் ராயப்பன். பாகலூரிலிருந்து ஓசூர் போய்ச் சேர்வதற்குள் அதில் ஒரு புரோகிராம் எழுதி, அடியில் ‘நிரூபிக்கப்பட்டது’ என்று கோடு இழுத்துவிடுவார். செக்கிங் இன்ஸ்பெக்டர் டிக்கெட் கேட்டால், “இருங்க சார், நிரூபணம் முடியல.”

போன கோடையில் பெங்களூரில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்வந்த வினை. “புரோகிராம்ங்கிறது தேற்றம்ங்க. நிரூபிச்சதுக்கப்புறம் சரி பாக்கிறது அதுக்கு அவமானம்” என்பார். வீட்டுக் காலண்டரை அன்றே கழற்றிவிட்டார்.

மகள் அருள்செல்விக்குக் கல்யாணம் கூடிவந்தது. காய்கறி வாடாமல் கிடைக்க, ஈஸ்டர் ஞாயிற்றுச் சந்தைக்குப் பின்வரும் ஆறாவது சந்தை எதுவோ, அதற்கு மறுநாள் என்று முடிவு. எங்கள் தெருவில் யார் வேண்டுமானாலும் விரல் மடக்கிச் சொல்லிவிடுவார்கள். இவர் நாற்பது அட்டைகளில் துளை போட்டுப் பெங்களூர் கம்ப்யூட்டர் யந்திரத்துக்கு அனுப்பினார். பதில் வந்தது: சந்தை மே 24. கல்யாணம் 25. அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைக்கு எழுத்துக் கோத்துக் காத்திருந்தார்கள். அச்சேறிய பிறகு தேதி மாறினால் சம்பந்தமே வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

மனைவி ஜெபமணி என் வீட்டுக் காலண்டரோடு வந்து நின்றாள். “இருபத்தி நாலு சனிக்கிழமைங்க. சனிக்கிழமை எந்தூர்ல சந்தை? மறுநா ஞாயிறு. சாமியார் பூசை வைப்பாரா, தாலி எடுத்துக் குடுப்பாரா?”

“நிரூபணத்துல தப்பே கிடையாது!” வரிவரியாகப் படித்துக் காட்டினார். உண்மையாகவே தப்பில்லை. முதல் வரிதான்: ‘கொடுக்கப்பட்டது: சந்தை எட்டு நாளைக்கு ஒருமுறை.’

கொடுத்தவர் தளி எல்லப்பன், கோஸ் வியாபாரி. அவரை வரவழைத்தார்கள்.

“எட்டு நாளைக்கு ஒருக்கான்னு நீதானய்யா சொன்னே?”

“ஆமா சார். இந்த ஞாயிறு, அந்த ஞாயிறு ரெண்டையும் சேத்து எண்ணுங்க. எட்டு. கன்னடத்துலயும் எட்டுதான், தெலுங்குலயும் எட்டுதான்.”

“கேட்டியா ஜெபமணி? மூணு பாஷைலயும் எட்டு.”

“அப்ப வாரத்துக்கு ஒரு நாள் கூட்டச் சொல்லி ஆண்டவருக்கு எழுதிப் போடுங்க. உங்க யந்திரத்துக்குச் சிரமம் இருக்காது.”

வாத்தியார் ரப்பரை எடுத்தார். எட்டை அழித்து ஏழு போட்டார். மளமளவென்று எழுதி, அடியில் கோடு இழுத்தார். “சந்தை மே பதினெட்டு. கல்யாணம் பத்தொன்பது, திங்கட்கிழமை. நிரூபிக்கப்பட்டது! அச்சகத்துக்குச் சொல்லியனுப்பு.”

குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. மேல்துண்டுக்கு அடியில் மட்டும் இடது கை விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கிக்கொண்டிருந்தன.