ஒரு கோல் வெற்றி

பந்தாட்டத்தைப் பற்றி எழுத எனக்கென்ன தகுதி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிறு ஒரு கோலால் வென்று வந்த மகன் முழங்காலுக்கு நோவெண்ணெய் பூசினான். அந்த மணத்தில் என் சிறுவயதுச் செட்டிபாளையத்து முற்றம் நினைவில் வந்துவிட்டது.

அன்றும் ஒரு கோல்தான். அப்பா எண்ணெய்க் காலை நீட்டியிருக்க, கூட்டாளிகள் வாதாடினார்கள்.

"வெண்டா வெண்டதுதானே மச்சான்."

"எப்பிடி வெண்டம்? பின்னுக்கு முழுக்க ஓட்டை."

ஆட்டத்தில் பின்னுக்கு நின்றவர் அப்பா. அவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தேத்தண்ணி கொண்டுபோன எனக்குச் சிரிப்பதா, சும்மா நிற்பதா என்று விளங்கவில்லை. அதன்பிறகு அவர் விளையாடியதாக ஞாபகமில்லை.

"அம்மா, வெண்டும் எல்லாரும் பின்வரிசையைத்தான் ஏசுறாங்க. நான் பின்னுக்கு நிக்கிறதா, விடுறதா?" என்றான் மகன்.

"தெரியா மகன், சாப்பிடு" என்றேன்.

மறுநாள் முழங்காலில் துணி சுற்றிக்கொண்டு பயிற்சிக்குப் போனான்.