வரப்பில் விழுந்த பெட்டி

கைப்பேசியில் விண்வெளிக் காட்சி ஓடியது. பூமியின் ஓரமாக வெள்ளையாக ஏதோ நகர்ந்தது.

“பறக்கும் தட்டுப்பா!” என்றாள் மகள்.

“ராக்கெட் குப்பை” என்றான் மகன்.

அதே வெள்ளையில்தான் என் சின்ன வயதில் காரிமங்கலத்தில், எங்கள் நிலத்துக்கும் பெரியப்பா நிலத்துக்கும் நடுவிலிருந்த வரப்பில் ஒரு பெட்டி கிடந்தது. அதோடு கட்டியிருந்த கிழிந்த பலூனின் ரப்பர் நாற்றம் கடலைக்காடு முழுக்க வீசியது. வானிலை பார்க்க விட்ட பலூன் என்றார் வாத்தியார். அப்பா நம்பவில்லை.

“ஆகாசத்துல இருந்து வுழுவறது, இவ்ளோ காட்ட வுட்டுட்டு நேரா வரப்பு மேலயா வுழுவும்? உங்க பெரியப்பன் வெச்ச செய்வினைடா.”

அப்பாதான் வைத்தாரென்று சொல்லி, பெரியப்பா அதே வரப்பில் பூசணிக்காய் உடைத்தார். அதன்பின் அண்ணன் தம்பி கடைசிவரை பேசிக்கொள்ளவில்லை.

“நீங்க சொல்லுங்கப்பா, தட்டா, குப்பையா?” மகள் கைப்பேசியை என் பக்கம் திருப்பினாள்.

“குப்பைன்னே வெச்சுக்க. அத அங்க கொண்டாந்து போட்டது யாரு?” என்றேன்.