மண்டோருக்கு நான் வாங்கிய ஜோடி

நான்கு வருடமாக இதை எழுத உட்கார்ந்து, எழுந்து போய்விட்டிருக்கிறேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு என் படிப்பு முடிந்தது. ஆனால் தயங்கியதற்குக் காரணம் படிப்பு இல்லை. எழுதினால் உண்மையை எழுத வேண்டும். அதை நான் என் மனைவியிடமே சொல்லவில்லை.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஜொகூர் பாருவில் ஒரு தரை வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலை ஸ்டோரில் வேலை பார்த்தேன். விடியும் முன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிப் போய், இருட்டும் நேரத்துக்குத் திரும்புவேன். அப்படி இருக்கையில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சை மட்டும் முருகன் விட்டுவைத்தான். கூடத்தில் கட்டில் போட்டு, இடது கைப் பக்கம் கைப்பேசியும் தண்ணீரும் வைத்துவிட்டுப் போவேன். மதியம் பக்கத்து வீட்டு மக்சிக் வந்து சோறு ஊட்டுவார். அவர் வயதில் மூத்த மலாய்ப் பெண்மணி.

கல்யாணமான புதிதில் மெர்சிங்கிலிருந்து படகில் ஒரு தீவுக்குப் போனோம். கடலுக்கு அடியில் பவளத்தையும் மீன்களையும் பார்த்து அவள் கைதட்டினாள். அதை நினைத்துத்தான் பழைய மூன்றடித் தொட்டி ஒன்றை வாங்கி, உப்புநீர் கலந்து, கல்லும் சின்னச் சின்னப் பவளமும் வைத்து, கட்டிலுக்கு நேர் எதிரே நிறுத்தினேன். அவளால் தானாகத் திரும்பிப் படுக்க முடியாது. எந்நேரமும் தொட்டி கண்ணில் படட்டும் என்று கட்டிலை நான்தான் அப்படித் திருப்பிப் போட்டேன்.

எந்த மீனோடு எந்த மீன் ஒத்துப்போகும் என்று சொல்லிக்கொடுத்தவர் மீன் கடைத் தவுக்கே, அதாவது முதலாளி. சீனர். பெக்கான் நானாஸில் தமிழர்களுக்கு மத்தியில் வளர்ந்தவர் என்பதால் நம்மைப் போலவே தமிழ் பேசுவார்.

"முதல்ல கோமாளி மீனு ரெண்டு விடுண்ணே. அது குடும்பஸ்தன். ரெண்டா இருக்கும். அப்புறம் மண்ணு தோண்டுற சாது ஒண்ணு. சண்டைக்காரன கடைசியா விடு. முன்னாடியே விட்டா வீடே அவன் பேர்லன்னு நெனச்சிக்குவான்."

அந்தச் சண்டைக்காரன் விரல் நீளம்தான். பாதி உடம்பு ஊதா, பாதி மஞ்சள். டாட்டிபேக் என்று மீன் கடைக்காரர்கள் சொல்கிற வகை. விட்ட அன்றே ஒரு கல் பொந்தைப் பிடித்துக்கொண்டது. வாசலில் நின்று போகிற வருகிற மீனையெல்லாம் முறைக்கும்.

"தோட்டத்துல எங்க மண்டோரு இப்படித்தாங்க நிப்பாரு, வேலைக்கு யாரு லேட்டுன்னு பார்த்துக்கிட்டு" என்றாள். மண்டோர் என்றால் தோட்டத்துக் கங்காணி. அதிலிருந்து அந்த மீனுக்கு அதுவே பெயர். மாலையில் நான் வீட்டுக்குள் நுழையும்போதே ஆரம்பித்துவிடுவாள்: "இன்னைக்கு மண்டோரு நத்தையக் கூட வெரட்டிட்டாரு. உங்க அம்மா தோத்தாங்க போங்க." ஒரு பக்கமாகக் கோணிய வாயால் சிரிப்பாள். அவளுக்கு இந்த உலகத்தில் மிச்சம் இருந்தது அந்தச் சிரிப்புதான்.

இனி என் தவறு. எங்கள் வீட்டில் எதையும் ஒற்றையாக வைக்க மாட்டோம். சாமிக்கு விளக்கு இரண்டு, தட்டில் பழம் இரண்டு. ஒற்றையாக வைத்தால் எனக்கு மனசு அடித்துக்கொள்ளும். கோமாளி மீன்கள் ஜோடியாகச் சுற்றும். மண்டோர் மட்டும் பொந்து வாசலில் தன்னந்தனியாக நிற்கும். அவளுக்கு விபூதி பூசிவிட்டுத் திரும்பினால் அந்த ஒற்றை மீன்தான் கண்ணில் படும். நாளைக்கு நீயும் இப்படித்தான் நிற்பாய் என்று அது சொல்வது போல இருக்கும்.

தவுக்கேயிடம் போய் அதே மாதிரி இன்னொன்று கேட்டேன். அவர் கொடுக்கவில்லை. "வேற என்ன மீனு வேணும்னாலும் கேளு, பார்த்துத் தரேன். இது ஒண்டிக்கட்டை ஜாதிண்ணே. அதே கலரு, அதே உருவத்தப் பார்த்தா வீட்டப் புடுங்க வந்திருக்கான்னு நெனைக்கும். மூணடித் தொட்டியில ஓட எடம் ஏது? ஒண்ணு செத்துரும்லா."

வீட்டில் பேச்செடுத்தேன். அவளும் வேண்டாம் என்றாள். "ரெண்டாவது வேணும்னா உங்களுக்குப் பாருங்க. மண்டோருக்கு எதுக்கு? அவரு நல்லாத்தானே இருக்காரு!"

இரண்டு பேர் சொல்லியும் கேட்கவில்லை. எங்கள் கல்யாண நாளுக்கு முந்தின நாள் ஊரின் மறுகோடியில் வேறொரு கடைக்குப் போனேன். வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருப்பதை அங்கே சொல்லவில்லை. கொஞ்சம் பெரியதாகப் பார்த்து வாங்கினேன். பெரியது என்றால் அடங்கிப் போகாது என்று கணக்குப் போட்டேன். அவள் தூங்கியதும் தொட்டி விளக்கை அணைத்து, முருகா என்று சொல்லித்தான் நீரில் விட்டேன். மறுநாள் அவள் கண் விழிக்கும் முன்பே வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

தொட்டி விளக்கு காலை ஒன்பது மணிக்குத் தானாக எரியும். ஒன்பதே காலுக்கு அவள் கூப்பிட்டாள்.

"என்னங்க, உள்ளார இன்னொரு மண்டோரு இருக்குதே?"

"உனக்குத்தான். கல்யாண நாளு."

"அய்யோ. இவரு அதப் போட்டுக் கடிக்கிறாருங்க."

"பழகிடும்லா. நான் வேலையில இருக்கேன்."

பன்னிரண்டு மணிக்கு மறுபடி கூப்பிட்டாள். மக்சிக் சோற்று வடிதட்டைத் தொட்டிக்குள் விட்டு அரைமணி நேரம் துழாவினாராம். இரண்டுமே கல்லுக்குள் புகுந்துகொண்டனவாம். அந்தப் பெரிய மனுஷி சட்டையெல்லாம் நனைந்து, அலமாக் அலமாக் என்று தலையில் அடித்துக்கொண்டு போனாராம். "புதுசோட வாலு கிழிஞ்சிருச்சுங்க. எங்க போனாலும் தேடி வந்து கடிக்குது. நீங்க வந்துருங்க."

"நீ பாக்காதம்மா. கண்ண மூடிக்க."

"மூடினேங்க. மூடினா என்ன ஆச்சோன்னு தொறந்துர்றேன்."

சூப்பர்வைசரிடம் மூன்று மணிக்குத்தான் வாய் திறந்தேன். மீனுக்காக லீவு கேட்க வெட்கம். பாலத்தில் மழை, ஏகப்பட்ட வண்டி. மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே நனைந்துகொண்டு நின்றபோது கைப்பேசி அடித்தது. எடுத்தேன். அவள் அழுகைச் சத்தம் மட்டும் கேட்டது.

நான் வந்து சேர்ந்தபோது புதியது தொட்டியின் தண்ணீர் மோட்டார் இருக்கும் மூலையில் வெளுத்துக் கிடந்தது. மண்டோர் என்னைக் கண்டதும் எப்போதும் போலக் கண்ணாடிப் பக்கம் வந்து தீனி கேட்டது. அதன் மேல் ஒரு கீறல் கூட இல்லை.

"கடைசியில அது ஓடவே இல்லங்க" என்றாள். "கண்ணாடியில ஒட்டிக்கிட்டு என்னையே பார்த்துச்சு. நாலு பக்கமும் கண்ணாடி, அது எங்க போகும்? என்னாலயும் எந்திரிக்க முடியல."

நான் அவள் காலடியில் உட்கார்ந்தேன். அவள் இடது கையால் என் ஈரத் தலையைத் தடவினாள். "எனக்காகத்தானே வாங்கினீங்க. விடுங்க" என்றாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். உனக்காக இல்லை, நீ போன பிறகு தனியாக நிற்பேனே என்ற பயத்தில் வாங்கினேன் என்று. நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவள் மன்னித்தது நான் செய்யாத ஒன்றை. செய்ததை யாரும் மன்னிக்கவில்லை. இனி மன்னிக்க ஆளும் இல்லை.

"தொட்டிய ஒரு துணியப் போட்டு மூடிடுங்க" என்றாள். மூடினேன். கட்டிலையும் சுவர்ப் பக்கம் திருப்பினேன். ஒரு வாரம் கழித்து, துணியை எடுக்கட்டுமா என்று கேட்டேன். "வேணாங்க. அது மொகத்தப் பார்க்க முடியல." மண்டோர் என்ற சொல்லை அதன் பிறகு அவள் வாயில் நான் கேட்கவே இல்லை. இரண்டு மாதம் அந்த வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். பிறகு மறுபடியும் பக்கவாதம் தாக்கி, ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள்.

தினமும் விளக்கேற்றுகிறேன். வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போகிறேன். முருகன் முன்னால் நின்றால் கேட்க எதுவும் வாயில் வருவதில்லை. தீபாராதனை முடியும்வரை தலையைக் குனிந்து நின்றுவிட்டு வருகிறேன்.

கருமக்கிரியை அன்றே சொந்தக்காரர் ஒருவர் சொன்னார், செத்துப்போன அந்த மீன் அவளுடைய கண்டத்தைத் தன் மேல் வாங்கிக்கொண்டு இரண்டு மாதம் தள்ளிப்போட்டதாம். இப்போது கோவிலில் அந்தப் பேச்சு வேறு மாதிரி உலவுகிறது. ஜோடி மீனில் ஒன்று செத்ததும் அவளும் போய்விட்டாள், முருகன் முன்கூட்டியே காட்டினான் என்கிறார்கள். கேட்பவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். அவன் எதையும் காட்டவில்லை. எழுந்திருக்க முடியாத ஒருத்தியின் கண்ணெதிரே, அவள் பிரியமாய் வளர்த்த மீனைக் கொலைகாரனாக்கியது நான்.

படிக்கிறவர்களிடம் கேட்பது ஒன்றுதான். வீட்டில் கடல்மீன் வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கும், படுக்கையில் விழுந்தவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். இதில் இருக்கிறபடியே சொல்லுங்கள். சகுனம் சேர்க்க வேண்டாம். பாவம், அந்த மனுஷனுக்குத் தெரியாது என்று எனக்காகவும் ஒரு வார்த்தை சேர்க்க வேண்டாம். எனக்குத் தெரியும். தவுக்கே சொல்லியிருந்தார். அவளும் சொல்லியிருந்தாள்.