ஞாயிற்றுக்கிழமை கேசரோல்

கொத்துக்கறி சூடான வாணலியில் விழுந்ததும் முதலில் எழுவது ஒரு சீறல். அது அடங்கி, கறி தன் தண்ணீரை விட்டு, அந்தத் தண்ணீரும் வற்றிய பிறகுதான் வாசனை கிளம்பும். அம்மா அதற்காகவே காத்திருந்து, நசுக்கி வைத்த சோம்பையும் மிளகையும் அப்போது தூவுவாள். அமெரிக்காவில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் நாங்கள் குடியிருந்த இரண்டாம் மாடி அபார்ட்மென்ட்டின் ஞாயிற்றுக்கிழமை மாலை என்றால் இன்றைக்கும் எனக்கு அந்த வாசனைதான். அது மாட்டுக்கறி. இதை நான் எழுதுவது வாழ்க்கையில் இரண்டாவது முறை. முதல் முறை எழுதியபோது எனக்கு எட்டு வயது.

அப்பாவுக்குத் திங்கட்கிழமை விடியற்காலையில் விமானம் ஏறிப்போய் வியாழக்கிழமை திரும்புகிற கன்சல்டிங் வேலை. அதனால் மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடுவது என்பது ஞாயிறு ஒரு வேளைதான். மக்ரோனி டப்பாவின் பின்பக்கத்தில் அச்சடித்திருந்த கேசரோல் செய்முறையை எடுத்துக்கொண்டு அம்மா தன் இஷ்டத்துக்கு மாற்றியிருந்தாள். வெங்காயத்தோடு இஞ்சி பூண்டு விழுது, இரண்டு பச்சை மிளகாய், தக்காளி சாஸ் டின்னில் பாதி, வெந்த மக்ரோனி, மேலே துருவிய சீஸ். எல்லாம் கண்ணாடி டிரேயில் பரப்பி ஓவனுக்குள் போகும். அப்பா அதற்கு "ஓவன் பிரியாணி" என்று பெயர் வைத்திருந்தார். டிரேயின் நான்கு ஓரத்திலும் சீஸ் கருகி ஒட்டியிருக்கும் "காந்தல்" யாருக்கு என்று எனக்கும் அவருக்கும் வாராவாரம் தகராறு. அம்மா பிரித்துக் கொடுப்பாள்; தனக்கென்று ஒரு ஓரம் எடுத்து நான் பார்த்ததில்லை.

வீட்டில் ஒரே ஒரு விதி இருந்தது. "என்ன சாப்ட்டோம்னு வெளில சொல்லாத" என்பாள் அம்மா. அப்பாவின் ஊர் வேலூர்ப் பக்கம். அங்கே எங்கள் தெருவில் அது ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு; அடுத்த தெருவில் அதை வைத்துத்தான் எங்களை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்தார்கள். அமெரிக்கா வந்ததில் அப்பாவுக்கு இருந்த பெரிய நிம்மதியே இங்கே அந்தத் தெருக்கள் இல்லை என்பதுதான். ஆனால் கேள்விகள் வந்து சேர்ந்துவிட்டன. இங்கே பார்க்கிற தமிழ் ஆட்கள் எந்த ஊர் என்பார்கள்; வேலூர் என்றால், வேலூரில் எங்கே என்பார்கள். அப்பா பேச்சை கிரிக்கெட்டுக்குத் திருப்பிவிடுவார்.

அம்மாவுக்கு ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் இருந்த ஒரே சிநேகிதி சுமதி ஆன்ட்டி. கோயம்புத்தூர்க்காரர், அம்மாவை "அக்கா" என்பார். அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது; நியூ ஜெர்சியில் கார் இல்லாதவளுக்குக் கால் இல்லாத மாதிரிதான். சனிக்கிழமை காலையில் சுமதி ஆன்ட்டி கீழே வந்து ஹாரன் அடிப்பார், இருவரும் கடைக்குப் போவார்கள், திரும்பி வந்த பிறகும் காரிலேயே உட்கார்ந்து அரை மணி நேரம் பேசுவார்கள். அம்மா வாய்விட்டுச் சிரிப்பது மாடி ஜன்னல் வரை கேட்கும். வாரத்தில் நான்கு நாள் பேச ஆளில்லாத ஒருத்தியின் சிரிப்பு அது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

சுமதி ஆன்ட்டியின் மகள் பிரியா என் வகுப்பு. அந்த வருடம் எங்கள் டீச்சர், ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில் குடும்பமாகச் சாப்பிடும் உணவைச் செய்வது எப்படி என்று எழுதி, படமும் வரைந்து வரச் சொன்னார். எனக்கு விதி ஞாபகம் இல்லாமல் இல்லை. ஆனால் "வெளில" என்றால் தமிழ் ஆட்கள் என்றுதான் நான் புரிந்துகொண்டிருந்தேன். டீச்சர் தமிழ் இல்லை, எழுதுவதும் ஆங்கிலத்தில், எனவே சொன்னதாக ஆகாது என்று நினைத்தேன். ஒரு பவுண்டு பீஃப் என்று தொடங்கி, அப்பா ஃபோனை வைக்கும் வரை ஓவனில் வைக்கவும் என்று முடித்தேன். கண்ணாடி டிரேயைப் பச்சை க்ரேயானில் வரைந்து, பக்கத்தில் பொட்டு வைத்த அம்மாவையும் வரைந்தேன். டீச்சர் எல்லாவற்றையும் நகலெடுத்து, சுருள் கம்பி போட்டுப் புத்தகமாக்கி, வகுப்பில் உள்ள எல்லா வீடுகளுக்கும் ஒன்று கொடுத்தனுப்பினார்.

அந்தச் சனிக்கிழமை ஹாரன் கேட்கவில்லை. சுமதி ஆன்ட்டி மேலே வந்தார். கோட்டைக் கழற்றாமல் சமையலறை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, குளிரைப் பற்றி ஏதோ பேசிவிட்டு, கடைசியில் சொன்னார்: "பாப்பா புக்ல ஏதோ தப்பா எழுதிட்டாளாட்ட இருக்குதுங்க்கா. மட்டன்தானுங்களே?"

அவர் சண்டைக்கு வரவில்லை. இன்றைக்கு யோசித்தால், கதவை அவரே திறந்து பிடித்துக்கொண்டு அம்மாவை வெளியே வரச் சொல்லிக் கெஞ்சியது போலத்தான் இருக்கிறது. ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். அம்மா என்னைப் பார்த்தாள். நான் மேசையில் பால் குடித்துக்கொண்டிருந்தேன்.

"இல்ல சுமதி. அவ சரியாத்தான் எழுதியிருக்கா. பீஃப்தான்."

சுமதி ஆன்ட்டி தலையாட்டினார். பிரியாவுக்கு ஜலதோஷம், இன்றைக்குக் கடைக்குப் போக முடியாது என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அப்பா உள்ளறையிலிருந்து வந்து, எதற்கு இந்த வீம்பு, குழந்தை தெரியாமல் எழுதிவிட்டது என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்குமே என்று ஆற்றாமையோடு கேட்டார். கோபத்தை விட பயம்தான் அதில் அதிகம். "சொல்லிருக்கலாம். அப்புறம் இவ பொய் எழுதுனவளா ஆயிடுவாளே" என்றாள் அம்மா.

யாரும் எங்களைத் திட்டவில்லை. பிரியா பள்ளி கேன்டீனில் பீஃப் பர்கர் தின்பது எல்லோருக்கும் தெரியும், அது "வெளில". வீட்டு அடுப்பில் ஏறினால்தான் அதற்கு ஊரும் தெருவும் முளைத்துவிடும். யாரும் வாய்விட்டுக் கேட்காமலிருந்த கேள்விக்கு என் க்ரேயான் பக்கம் பதில் சொல்லிவிட்டது. வீட்டுக்கொரு பதார்த்தம் செய்து கொண்டுபோகும் பொங்கல் பாட்லக் அடுத்து வந்தது; அதன் பட்டியலில், எப்போதும் எலுமிச்சை சாதம் என்றிருக்கும் அம்மாவின் பெயருக்கு நேரே பேப்பர் தட்டு, டிஷ்யூ என்று எழுதியிருந்தது. அம்மா நல்ல தடிமனான தட்டுகளாகப் பார்த்து வாங்கினாள். அந்தக் குளிர்காலம் முழுக்க, நடைபாதை இல்லாத சாலையின் ஓரத்தில், பனிச் சேற்றில் தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு அவள் கடைக்கு நடந்தாள்.

நான் செய்ததுதான் எனக்கு ஆறவில்லை. சுமதி ஆன்ட்டி வந்துபோன மறுநாள் ஞாயிற்றுக்கிழமையும் அம்மா வழக்கம்போல் கேசரோல் செய்தாள். பிடிக்கவில்லை என்று தட்டை நகர்த்தினேன். எனக்காக ஒரு சிநேகிதத்தையே விட்டவளிடம் அந்த வயதில் எனக்குச் சொல்லத் தெரிந்தது அவ்வளவுதான். அம்மா வற்புறுத்தவில்லை, காந்தலைச் சுரண்டி அப்பா தட்டில் வைத்தாள். சில வாரங்கள் முயன்று பார்த்தாள். பிறகு அந்த டிரேயில் சிக்கன்தான் வெந்தது. மூன்றாவது முயற்சியில் லைசென்ஸ் வாங்கி எல்லா இடத்துக்கும் தானே ஓட்டிப் போனாள். காரில் உட்கார்ந்து பேச மட்டும் யாரும் வரவில்லை.

அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது. இப்போது நான் இருப்பது டெக்சாஸில், ஃபிரிஸ்கோவில். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் ஒன்பது வயது மகளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, நாக்கில் மிச்சமிருந்த ஞாபகத்தை வைத்து முதல் முறையாக அந்தக் கேசரோலைச் செய்தேன். ஏறக்குறைய வந்துவிட்டது. ஓவனிலிருந்து எடுத்து மேசையில் வைக்கும்போது காலிங் பெல் அடித்தது. பக்கத்துத் தெருக் கவிதா, தீபாவளி பாட்லக்குக்கு ஆள் சேர்க்கக் கையில் ஃபோனோடு நின்றிருந்தாள். வாசனை தூக்குதே, என்ன சமையல் என்று கேட்டாள். மகள் முந்திக்கொண்டு, "பீஃப் கேசரோல், ஆன்ட்டி. மை கிராண்ட்மாஸ் ரெசிபி" என்றாள்.

கவிதாவின் சிரிப்பு மறையவில்லை. ஒரு கணம் நின்றது, அவ்வளவுதான்.

"மட்டன்தான் கவிதா. இவளுக்கு எல்லாமே பீஃப்தான்" என்றேன், சிரித்துக்கொண்டே. யோசிக்கக்கூட இல்லை. கவிதாவும் சிரித்தாள், என் பெயருக்கு நேரே புளியோதரை என்று போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

கதவைச் சாத்திவிட்டு வந்தேன். மகள் நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தாள். "பட் அம்மா, ஐ ரெட் தி லேபிள்" என்றாள். கோபமாகக்கூட இல்லை, தான் எங்கே தப்பாகப் படித்தோம் என்று தெரிந்துகொள்ளக் கேட்பது போல் இருந்தது.

மட்டன் என்ற அந்த ஒரு வார்த்தை வாய்க்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று உடனே அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் போலிருந்தது. அதைச் சொல்லாமல் நீ எப்படி நின்றாய் என்று கேட்கவும் வேண்டும். கேட்க அவள் இல்லை. மகள் தட்டைத் தொடாமல் என் பதிலுக்காகக் காத்திருந்தாள்.