வரைபடத்தில் என் குடம்

தாராவியில் எங்கள் சந்துக்கென்று ஒரு கைபம்பு இருந்தது. அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, வாயில் விட்டால் உப்புக் கரித்துக் குமட்டும். குடிக்கவும் சமைக்கவும் நான்தான் தினமும் மூன்று சந்து தாண்டிப் போய், முனிசிபாலிட்டிக் குழாயில் சண்டை போட்டுப் பிடித்து, இடுப்பில் சுமந்து வருவேன். எண்பதுகளின் நடுவில், நிலத்தடி நீரைச் சோதிக்க சர்க்கார் ஆட்கள் வரப்போவதாகச் செய்தி வந்தது. எந்தச் சந்துத் தண்ணீர் உப்பென்று எழுதுகிறார்களோ அந்தச் சந்துக்குக் குழாய் வரும். ஆஹா, இந்த ஒரு பரீட்சையிலாவது நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு பாஸ் என்று நினைத்தேன். என் வீட்டுக்காரரை மறந்துவிட்டேன்.

அவர்கள் வந்தபோது நான் ரேஷன் வரிசையில் நின்றிருந்தேன். வெயில் பொறுக்காத அந்த மகாராஜாக்கள், வாசலில் தோல்பை தைத்துக்கொண்டிருந்த இவர் கையில் பாட்டிலைக் கொடுத்து, நிரப்பித் தரச் சொல்லிவிட்டு நிழலில் போய் நின்றிருக்கிறார்கள். இவரும் உள்ளே போய் என் குடத்திலிருந்து மொண்டு, வெள்ளைத் துணியில் வடிகட்டிக் கொடுத்திருக்கிறார். வடிகட்டி!

"வீட்டுக்கு வந்தவுகளுக்கு உப்புத் தண்ணியவா குடுப்பாவ? நம்மளப் பத்தி என்ன நெனப்பாவ?" என்று என்னிடமே கேட்டார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

ஒரு மாதத்தில் முடிவு வந்தது. சுற்றியுள்ள சந்துகளுக்கெல்லாம் குழாய். எங்கள் தண்ணீர் மட்டும் குடிக்க உகந்ததாம். பம்புத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு செம்பூர் ஆபீசுக்கு பஸ் ஏறினேன். அதிகாரி மாட்டுங்காத் தமிழர். சுவரில் தொங்கிய வரைபடத்தைப் பூரிப்போடு காட்டினார். உப்புத் தண்ணீருக்குச் சிவப்புப் புள்ளிகள்; நடுவே எங்கள் சந்தில் ஒரே ஒரு நீலப் புள்ளி.

"அதிசயம்மா இது! சுத்திலும் கடல் உப்பு ஏறின நிலம். நடுவுல உப்புக்கு மேல நல்ல ஜலம் மிதந்துண்டு நிக்கறது. இதப் பத்திக் கட்டுரை எழுதிண்டிருக்கேன். நீங்கள்லாம் பம்பை ரொம்ப அடிக்காம அதைக் காப்பாத்தணும்."

"சார், அங்க மிதக்கது என் குடத்துத் தண்ணி," என்று பாட்டிலை நீட்டினேன். "இதுதான் பம்புத் தண்ணி. குடிச்சுப் பாருங்க."

"நீங்களே கொண்டுவந்தா எப்படிம்மா ஒத்துக்கறது? எங்க ஆட்கள்னா எடுக்கணும்?"

"உங்க ஆளு எங்க சார் எடுத்தான்? எம் புருசன்லா எடுத்துக் குடுத்தாவ!"

"அப்போ அவரையே வந்து சொல்லச் சொல்லுங்கோ."

இவருக்கோ மானம் போகிறதாம். மாட்டவே மாட்டேன் என்றார். நான் சண்டை போடவில்லை. சாப்பாட்டுக்குப் பக்கத்தில் பம்புத் தண்ணீரை ஒரு செம்பு வைத்து, "குடிங்க, சர்க்கார் சர்டிபிகேட் வாங்குன தண்ணி," என்றேன். மூன்றாம் நாள் காலையில் துவைத்த சட்டையை மாட்டிக்கொண்டார்.

ஆபீசில் தலையைக் குனிந்தபடி சொன்னார்: "அது பம்புத் தண்ணி இல்ல சார். என் சம்சாரம் குழாய்ல இருந்து சுமந்துட்டு வந்தது. நான்தான் கேக்காம எடுத்துக் குடுத்துட்டேன்."

அதிகாரியின் முகம் எழவு வீடானது. பாவம், அவருடைய அதிசயம் போயிற்று. ஆனாலும் நியாயமான மனுஷன். நீலப் புள்ளியை பிளேடால் சுரண்டினார். செவ்வாய்க்கிழமை தானே வந்து பம்பை அடித்துத் தண்ணீர் எடுப்பதாகச் சொன்னார். பிறகு அச்சடித்த பாரம் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு இவரைக் கேட்டார்.

"வெளியிலேருந்து ஒரு நாளைக்கு எத்தனை குடம் வரது உங்காத்துக்கு?"

பதினோரு வருஷமாக அந்தத் தண்ணீரைக் குடித்தவர், திரும்பி என்னைப் பார்த்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மேஜையையே கவிழ்த்திருப்பேன்.

"ஏளா, எத்தனை?" என்றார் மெதுவாக.

"ஏழு," என்றேன்.