வெர்னா அடித்த மூன்றாவது அடி

வெர்னா ஹௌட்டாலா ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு. இருபத்திரண்டு வருஷம் மரம் அறுக்கும் ஆலையில் பலகை புரட்டிய கைகள். நவம்பர் மாதம் வேட்டைக்காரர்கள் மானைக் கொண்டுவந்து அவள் கொட்டகையில் போட்டால், தோலுரித்துத் துண்டு போட்டுக் காகிதத்தில் சுற்றி மறுநாள் காலையில் கொடுத்துவிடுவாள். ஆனாலும் ஐம்பத்தெட்டு வயது வரை அவள் ஒரு மனிதன்மேல் கை வைத்ததில்லை. அவள் புருஷன் டோய்வோ அதிகம் பேசாதவன். உறைந்த ஏரியின்மேல் மீன்பிடிக்க உட்கார்ந்தவன், உட்கார்ந்தபடியே நெஞ்சு நின்று போனான். அவர்களுக்குள் ஒரு தட்டு உடைந்தது கிடையாது.

ஆலையை மூடியபிறகு அவளுக்கு வனத்துறைக் கூடாரத் திடலைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. லிட்டில் ஹெரன் ஆறு வளையும் இடத்தில், தேவதாரு மரங்களுக்கும் பிர்ச் மரங்களுக்கும் நடுவே, கூடாரம் போடப் பன்னிரண்டு இடங்கள். மே முதல் அக்டோபர் வரை வாசலில் ஒரு பழைய வண்டி வீட்டில் குடியிருப்பாள். கழிப்பறை கழுவுவது, தீ மூட்டும் இரும்பு வளையங்களில் சாம்பல் அள்ளுவது, விறகு பிளப்பது, சாப்பாட்டை மரத்தில் உயரக் கட்டித் தொங்கவிடச் சொல்லிக் கரடி வராமல் பார்ப்பது, இவ்வளவுதான் வேலை. அங்கே வருகிறவர்கள் சத்தம் வேண்டாம் என்று வருகிறவர்கள். ஆறு வருஷத்தில் அவள் தீர்த்துவைத்த பெரிய சண்டை, குரைத்துக்கொண்டே இருந்த ஒரு நாயைப் பற்றியது.

தொண்ணூற்று நாலாம் வருஷம் ஜூன் மாதம், கூரைமேல் படகு கட்டிய பச்சை வண்டியில் கர்ட் ரெம்லி வந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். மரியாதையாகப் பேசினான். ஆற்றை ஒட்டிய ஏழாம் இடத்தைக் கேட்டு வாங்கினான். அதுதான் எல்லாவற்றையும்விடத் தள்ளி இருப்பது. கூட அவன் மனைவி டானா. மெல்லிய பெண். கழுத்துவரை பொத்தான் போட்டு, முழுக்கை மணிக்கட்டில் இறுக்கியிருந்தாள். வெர்னா அதைக் கவனிக்கவில்லை. கறுப்பு ஈ கடிக்கிற காலத்தில் அந்தக் காட்டில் எல்லாரும் அப்படித்தான் மூடிக்கொண்டு திரிவார்கள்.

மூன்றாம் நாள் காலை அடிபம்பில் டானா முகம் கழுவ வந்தாள். யாரும் இல்லை என்று நினைத்துச் சட்டைக் கையை மடித்துவிட்டாள். முழங்கைக்கு மேலே நாலு கறுப்புக் கோடு, உள்பக்கம் ஒன்று. வாளியோடு பின்னால் வந்த வெர்னாவைப் பார்த்ததும் சட்டென்று கையை இறக்கினாள். பாறை வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னாள். தலைவலி மாத்திரை இருக்குமா என்று கேட்டாள். வெர்னா இரண்டு மாத்திரை கொடுத்தாள், வேறெதுவும் கேட்கவில்லை.

கேட்காமல் விட்டது அன்று முழுக்க அவளை அரித்தது. அவள் தங்கை ஐலிக்கும் இப்படித்தான் பாறை வழுக்கும், கதவு இடிக்கும், படி சறுக்கும். எழுபத்தொன்பதாம் வருஷக் குளிர்காலத்தில் ஐலி நிலவறைப் படியில் விழுந்து கழுத்து முறிந்து செத்துப்போனாள் என்று அவள் புருஷன் சொன்னான். ஊர் ஒப்புக்கொண்டது. சவப்பெட்டியில் படுத்திருந்தவளின் கழுத்தில் பவுடருக்கு அடியில் கட்டைவிரல் அளவுக்கு இருந்த இரண்டு தடத்தை வெர்னா பார்த்தாள். பார்த்துவிட்டு, வந்தவர்களுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தாள்.

ஐந்தாம் இடத்தில் ஆர்வில் ஸ்டாங்கி இருந்தார். மில்வாக்கியில் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், வருஷா வருஷம் ட்ரௌட் மீன் பிடிக்க வருவார். பக்கத்துக் கூடாரத்தில் ஏதாவது காதில் விழுந்ததா என்று அவரிடம் கேட்டாள். அவர் தூண்டில் கயிற்றைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ரெண்டு நாளாக் கேக்குது. புருஷன் பொண்டாட்டி விஷயம், வெர்னா. நடுவுல போனா ரெண்டு பேரும் சேந்து உங்களத்தான் ஏசுவாங்க."

மறுநாள் மதியம் வெர்னா தன் வண்டியை எடுத்துக்கொண்டு பதினாலு மைல் தள்ளியிருந்த கடைக்குப் போய் ஷெரிப் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். கிளிப்டன் மேக்கி என்ற இளவயது அதிகாரி எடுத்தான். ஐம்பது மைல் வரவேண்டும், ஒன்றரை மணி நேரம் ஆகும், தான் வரும்வரை அந்த ஆள் பக்கத்தில் போகவேண்டாம் என்றான். சரி என்றாள். சொன்னபோது அப்படியே செய்வதாகத்தான் நினைத்தாள்.

அவள் வண்டி புழுதி கிளப்பிக்கொண்டு போனதைக் கர்ட் பார்த்திருந்தான். டானாவின் பையில் மாத்திரைக் காகிதத்தையும் பார்த்திருந்தான். இரண்டையும் அவனாகவே முடிச்சுப் போட்டுக்கொண்டான்.

திரும்பி வந்து வண்டியை நிறுத்தும்போதே வெர்னாவுக்குச் சத்தம் கேட்டது. அலறல் பாதியில் தண்ணீருக்குள் அமுங்கும் சத்தம். மறுபடி அலறல், மறுபடி அமுக்கம். வண்டியின் பின்னால் கோடாலி கிடந்தது. முன் இருக்கையில், மாற்றுவதற்கென்று வாங்கி வைத்திருந்த புதுக் கோடாலிக் காம்பு கிடந்தது. அவள் காம்பை மட்டும் எடுத்தாள். அந்த அளவு புத்தி அப்போது இருந்தது.

ஏழாம் இடத்தில் அடுப்பு கவிழ்ந்து, வாணலியிலிருந்து கொழுப்பு மண்ணில் ஓடிக்கொண்டிருந்தது. கர்ட் முழங்கால் ஆழத் தண்ணீரில் நின்று, டானாவின் தலைமுடியைக் கையில் சுற்றி, முகத்தை ஆற்றுக்குள் அழுத்திக்கொண்டிருந்தான். தூக்கும்போதெல்லாம் ஒரே கேள்வி. "அந்தக் கெழவிகிட்ட என்ன சொன்ன?" பதில் சொல்ல அவளுக்கு மூச்சு விட நேரம் கொடுக்கவில்லை.

"அவள விடு," என்றாள் வெர்னா.

அவன் திரும்பிப் பார்த்தான். கோபம்கூட இல்லை, வேலைக்கு நடுவில் யாரோ கூப்பிட்ட சலிப்புதான். "போய் உன் கக்கூஸக் கழுவு," என்றான். அவள் நகராமல் நிற்கவும் டானாவைக் கரையில் போட்டுவிட்டு ஏறி வந்தான். வெர்னா காம்பை ஓங்கவில்லை. கிட்ட வந்தால் பேசலாம், கிளிப்டன் வரும்வரை பேச்சிலேயே இழுத்துவிடலாம் என்று ஒரு கணக்கு இருந்தது. அவன் குனிந்து அடுப்போரம் கிடந்த பிர்ச் கட்டையை எடுத்ததை அவள் பார்த்தாள். அது தன் முகத்துக்கு வரும் என்பது மட்டும் உறைக்கவில்லை.

தாடை உடைந்த சத்தம் அவளுக்கு வெளியிலிருந்து கேட்கவில்லை, தலைக்கு உள்ளிருந்து கேட்டது. முழங்காலில் விழுந்தாள். வாயிலிருந்து ரத்தம் கொட்டியது, அதோடு மூன்று பல்லும் கொட்டின. இரண்டாவது தடவை அடிக்கத் தேவையில்லை என்று கர்ட் முடிவு செய்தான். விலாவில் ஓர் உதை உதைத்துவிட்டு, அவளுக்கு முதுகைக் காட்டித் தண்ணீருக்குப் போனான். டானாவை அக்குளில் பிடித்துத் தூக்கி, கரையோரத் தண்ணீரில் இறக்கியிருந்த படகுக்குள் எறிந்தான். படகின் விளிம்பில் அவள் தலை இடித்தது.

வெர்னா எழுந்தாள். அவள் எழுந்ததை அவன் கேட்கவில்லை, ஆற்றின் இரைச்சல். பக்கவாட்டில் போய் அவன் வலது முழங்காலில் அடித்தாள். பச்சைக் கிளை ஒடிவதுபோல ஒடிந்தது. அது முதல் அடி.

அவன் தண்ணீரில் சாய்ந்தபோது படகும் கவிழ்ந்து டானா அவன்மேல் விழுந்தாள். ஒரு கையால் அவள் சட்டையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் இடுப்பிலிருந்த மீன் அறுக்கும் கத்தியை உருவினான். யாரைக் குத்த உருவினான் என்று பின்னாளில் நீதிமன்றத்தில் வெகுநேரம் வாதாடினார்கள். கத்தி முதலில் டானாவின் தோளைக் கிழித்தது. இன்னொரு முறை ஓங்குவதற்குள் வெர்னா அவன் மணிக்கட்டில் இறக்கினாள். விரல்கள் விரிந்து கத்தி ஆற்றோடு போனது. அது இரண்டாவது.

அப்போதுதான் ஆர்வில் கூடாரக் கயிற்றோடு ஓடிவந்தார். முகம் வெளுத்திருந்தது. இரண்டு பேருமாக அவனை இழுத்துவந்து ஒரு தேவதாரு மரத்தில் சாய்த்து உட்காரவைத்து, கைகளைப் பின்னால் வளைத்து மரத்தோடு கட்டினார்கள். தபால் மூட்டை கட்டிய கைகள், முடிச்சு நன்றாகவே விழுந்தது. அதிகாரிக்கு வழிகாட்ட ஆர்வில் மண் ரோட்டுக்குப் போனார். ஏழாம் இடத்தில் மூன்று பேர் மட்டும் இருந்தார்கள். வெர்னா தாடையைத் துண்டால் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். டானா தண்ணீரோரம் மண்டியிட்டுக் குடித்த தண்ணீரையெல்லாம் வாந்தி எடுத்தாள். தோளிலிருந்து வடிந்த ரத்தத்தில் ஈக்கள் உட்கார்ந்தன.

கர்ட் முனகலை நிறுத்திவிட்டு மெதுவாகப் பேச ஆரம்பித்தான். அந்தக் குரலில் அவன் பேசி வெர்னா கேட்டதே இல்லை.

"டானா, இங்க பாரும்மா. கால் ஒடஞ்சிருச்சு. அவுத்து விடு. வீட்டுக்குப் போயிடலாம். இனிமே நடக்காது."

டானா வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவனைப் பார்த்தபடி ஓர் எட்டு வைத்தாள்.

கர்ட் கண்ணை மட்டும் திருப்பி வெர்னாவைப் பார்த்தான். "பாத்தியா, கெழவி? என்கூடத்தான் வருவா."

வெர்னா அவன் முகத்தில் அடித்தாள். இரண்டு கையாலும், விறகு பிளக்கும்போது நிற்பதுபோலக் காலை அகட்டி நின்று அடித்தாள். கன்ன எலும்பு உள்ளே போனது. இடது கண் போனது. அதன்பிறகு அவன் பேசவில்லை. டானா இரண்டாவது எட்டு வைக்காமல் நின்ற இடத்திலேயே நின்றாள்.

கிளிப்டன் வந்து சேர்ந்தபோது மூன்று பேரும் வாய் திறக்கவில்லை. ஒருவனுக்கு நினைவில்லை, ஒருத்திக்குத் தாடை இல்லை, ஒருத்திக்கு நடுக்கம் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் டானா வாக்குமூலம் கொடுத்தாள். எல்லாக் காயமும் ஆற்றுக்குள் நடந்த சண்டையில் பட்டது என்றாள். ஆர்வில் தான் ரோட்டுக்குப் போனபிறகு நடந்த எதையும் பார்க்கவில்லை என்றார், அது உண்மை.

வெர்னாவின் தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். கிளிப்டன் எழுதச் சொல்லி ஒரு தாளைக் கொடுத்தான். நடந்ததை வரிசையாக எழுதினாள். கடைசி வரி, மூன்றாவது அடி அவனைக் கட்டிப்போட்ட பிறகு அடித்தேன் என்றிருந்தது.

கிளிப்டன் இரண்டு தடவை படித்தான். அவன் அப்பா வேட்டையாடிய மான்களை வெர்னாதான் அறுத்துக் கொடுப்பாள். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"மருந்து மயக்கத்துல எழுதிருக்கீங்க. நாளைக்கு வர்றேன், தெளிஞ்சதும் எழுதுங்க."

மறுநாள் தெளிவாக இருந்தாள். அதையே எழுதினாள். இதை எதற்கு எழுதுகிறீர்கள், யார் கேட்டார்கள் என்றான் கிளிப்டன். ஐலியின் புருஷன் ஒரு கதை சொன்னான், ஊரே தலையாட்டியது, நானும் ஆட்டினேன், என்று எழுதிக் காட்டினாள். அவனுக்கு ஐலி யாரென்று தெரியாது. இந்தத் தாளை அவன் சட்டைப்பையில் வைக்கவில்லை, கோப்பில் வைத்தான்.

கர்ட் ரெம்லிக்கு ஏழு வருஷம் சிறை. வெர்னா குற்றத்தை ஒப்புக்கொண்டாள், தொண்ணூறு நாள். வேலை போய்விட்டது. கடையில் சிலர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள், இன்னும் ஒன்று போட்டிருக்கலாம் என்றார்கள். அது அவளுக்குப் பிடிக்கவில்லை. கையை இழுத்துக்கொண்டு ரொட்டி வாங்கிக்கொண்டு போவாள்.

வழக்கு முடிந்த அன்று நீதிமன்றத் தாழ்வாரத்தில் டானா அவளிடம் வந்தாள். ஓஹையோவில் தன் அம்மா வீட்டில் இருந்து சாட்சி சொல்ல வந்திருந்தாள். முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். நன்றி சொல்ல வருகிறாள் என்று வெர்னா நினைத்தாள்.

"அன்னைக்கு நான் எட்டு வச்சது அவன அவுத்து விடறதுக்கில்ல," என்றாள் டானா. "வண்டிச் சாவி அவன் பாக்கெட்ல இருந்துச்சு. கை கட்டிருந்துதுல்ல, அப்ப எடுத்துடலாம்னு வந்தேன். எட்டு வருஷத்துல அன்னைக்குத்தான் துணிச்சல் வந்துச்சு."

வெர்னா பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"நீங்க என்னக் கேட்டிருக்கலாம்."

"தாடை ஒடஞ்சிருந்துச்சு," என்றாள் வெர்னா. அது உண்மைதான், ஆனால் காரணம் அதுவல்ல என்று அவளுக்கே கேட்டது. "தாடை நல்லா இருந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். அந்த அடி எனக்கு வேண்டியிருந்துச்சு."

டானா தலையசைத்தாள். மன்னித்த தலையசைப்பா, தெரிந்துகொண்ட தலையசைப்பா என்று வெர்னாவால் சொல்ல முடியவில்லை. வாசலில் அம்மாவின் வண்டி காத்திருந்தது. டானா போய் ஏறிக்கொண்டாள். பிறகு அவர்கள் பார்த்துக்கொள்ளவில்லை.

அடுத்த ஜூனில் வெர்னா கூடாரத் திடலுக்குப் போனாள், வந்து தங்கும் ஆளாக. பொறுப்பில் இப்போது ஒரு புதுத் தம்பதி இருந்தார்கள். அவளை யாரென்று தெரிந்துகொண்டு கொஞ்சம் அளவுக்கு மீறிப் பணிவாகப் பேசினார்கள். மூன்றாம் இடத்தில் கூடாரம் போட்டாள். மாமிசம் மெல்ல முடியாது, உருளைக்கிழங்கை மசித்து வெண்ணெய் போட்டுத் தின்றாள். இரண்டாம் நாள் மத்தியானம் பக்கத்து இடத்துக்கு ஒரு சின்ன வயது ஜோடி வந்தது. கூடாரக் கம்பியில் ஒன்று குறைந்தது. யார் வீட்டில் மறந்துவைத்தது என்று பேச்சு ஏறியது. அவன் குரல் உயர்ந்தது, அவள் குரல் நின்றது.

வெர்னா எழுந்துவிட்டாள். கையில் எதுவும் இல்லை. மரங்களுக்கு நடுவே பார்த்தபடி, அந்தப் பெண்ணின் குரலுக்காகக் காத்து நின்றாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு அந்தப் பெண் ஏதோ கேலியாகச் சொன்னாள், அவன் சிரித்தான், அவளும் சிரித்தாள். ஒரு கிளையை ஒடித்துக் கம்பிக்குப் பதில் செருகிக்கொண்டார்கள்.

வெர்னா உட்கார்ந்தாள். காப்பிக் கோப்பையை எடுத்தாள். காப்பி ஆறிப்போயிருந்தது. அதைக் குடித்துவிட்டுத் தூண்டிலை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு இறங்கினாள்.